சட்டை 'போடு'வதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

கேள்வி கேட்டவர் ஒரு தாய். தொடக்கநிலை 4 படிக்கும் அவருடைய மகள், படத்தைப் பார்த்துக் கதை எழுதும் பயிற்சியில் 'ஷி இஸ் வேரிங் ஹெர் ஷூஸ்' என்று எழுதியிருக்கிறாள். படத்தில் ஒரு சிறுமி வீட்டு வாசலில் குந்தியபடி ஒரு காலைச் சப்பாத்துக்குள் பாதி நுழைத்திருக்கிறாள். ஆசிரியர் 'வேரிங்' என்பதை வட்டமிட்டு, மேலே 'புட்டிங் ஆன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "வீட்டில், பள்ளியில், பேருந்தில் எல்லாரும் 'வேர்' என்றுதானே சொல்கிறோம்? கழற்றுவதற்கு 'ரிமூவ்', 'டேக் ஆஃப்', 'ஓப்பன்' இதில் எது சரி? தீபாவளிக் கட்டுரையில் பாட்டி சேலை கட்டினார், பூ வைத்தார் என்பதை எப்படி எழுதுவது?" என்று கேட்டிருக்கிறார்.

ஆசிரியர் திருத்தியது சரி. ஆனால் உங்கள் மகள் கவனக்குறைவால் அப்படி எழுதவில்லை. அவள் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். நான் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டு தவறாமல் இந்த வட்டத்தைப் பார்க்கிறேன்.

முதலில் நம் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "அவள் சப்பாத்து போட்டுக்கொண்டிருக்கிறாள்." இதற்கு என்ன பொருள்? குனிந்து, இழுத்து, இப்போதுதான் காலை நுழைக்கிறாள் என்று ஒரு பொருள். ஏற்கெனவே போட்டுக்கொண்டு, போட்ட காலோடு நிற்கிறாள் என்று இன்னொரு பொருள். "அதோ, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் எங்கள் மாமா" என்று சொல்லும்போது மாமா பொத்தான் போட்டுக்கொண்டா நிற்கிறார்? இல்லை. இடம் பார்த்துப் பொருள் புரிந்துகொள்கிறோம், தமிழுக்கு அது போதும். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. போடும் செயலுக்கு 'புட் ஆன்'. போட்டிருக்கும் நிலைக்கு 'வேர்'. (இந்த 'வேர்' மரத்தின் வேர் அல்ல என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவது நம் விதி.)

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: தமிழ் வாக்கியத்தில் 'அவசர அவசரமாக' என்று சேர்த்துப் பார். பொருந்தினால் 'புட் ஆன்'. 'நாள் முழுதும்' என்று சேர்த்துப் பார். அது பொருந்தினால் 'வேர்'. சிறுமி அவசர அவசரமாகச் சப்பாத்து போட்டுக்கொண்டிருக்கிறாள், சரியாக வருகிறது, ஆகவே 'ஷி இஸ் புட்டிங் ஆன் ஹெர் ஷூஸ்'. மாமா நாள் முழுதும் சிவப்புச் சட்டை போட்டிருந்தார், அதுவும் சரி, ஆகவே 'ஹி வோர் எ ரெட் ஷர்ட்'.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், தமிழும் இந்த வேறுபாட்டை அறியாத மொழி இல்லை என்பது தெரியும். நாம் முதல் வினையில் வைக்காமல் வாலில் வைக்கிறோம். 'போடு' என்பது எல்லாவற்றுக்கும் பொது. போட்டுக்கொண்டாள் என்றால் 'புட் ஆன்'. போட்டிருக்கிறாள் என்றால் 'வேர்'. குழந்தைக்குப் போட்டுவிட்டாள் என்றால் 'டிரெஸ்ட் த சைல்ட்'. கடையில் போட்டுப் பார்த்தாள் என்றால் 'டிரைட் இட் ஆன்'. கொள், இரு, விடு, பார் என்று நான்கு குட்டி வினைகள், ஆங்கிலத்தில் நான்கு வெவ்வேறு சொற்கள். 'விடு'வில் மட்டும் கவனம் வேண்டும். "சட்டையைப் போட்டுவிட்டான்" என்றால் அவனே போட்டு முடித்துவிட்டான் என்றும் ஆகும். "தம்பிக்குப் போட்டுவிட்டான்" என்று முன்னால் ஒரு 'க்கு' வந்தால்தான் அது 'டிரெஸ்'. ஆங்கிலத்துக்கும் வால் உண்டு. ஆன், ஆஃப், அப், இன், அவுட் என்ற துண்டுச் சொற்கள்தான் அவை. வாலைக் கவனிக்கிற பிள்ளை இரண்டு மொழியிலும் தப்பிக்கும்.

அந்த 'பார்' பற்றி ஒரு வார்த்தை. என் அப்பா சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் தையல் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் எல்லா மொழியிலும் பேசுவார்கள். "ஐ வேர் அண்ட் ஸீ ஃபர்ஸ்ட்" என்பதைக் கேட்டே வளர்ந்தேன். போட்டுப் பார்க்கிறேன் என்பதன் அச்சு அசலான வார்ப்பு அது. ஆங்கிலத்தில் அதற்கு 'டிரை ஆன்'. 'ஐ டிரைட் டு வேர் இட்' என்று எழுதினால், போட முயன்றேன், ஆனால் உள்ளே போகவில்லை என்ற தொனி வந்துவிடும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அப்பா கடையில் அதுவும் நடக்கத்தான் செய்தது. அப்புறம் 'ஃபிட்', 'சூட்', 'மேட்ச்' மூன்றையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். அளவு சரியாக இருந்தால் 'ஃபிட்', ஆளுக்கு எடுப்பாக இருந்தால் 'சூட்', சட்டையும் கால்சட்டையும் நிறத்தில் ஒத்துப்போனால் 'மேட்ச்'. தொளதொள என்று இருப்பதைப் பிடித்துத் தைத்தால் 'டேக் இன்', இறுக்கமாக இருப்பதைத் தையல் பிரித்துத் தளர்த்தினால் 'லெட் அவுட்', நீளத்தை மடித்துத் தைத்துக் குறைத்தால் 'டேக் அப்'. பாருங்கள், இங்கேயும் எல்லாம் வால்தான்.

சரி, சிங்கப்பூரில் எல்லாரும் 'வேர் யுவர் ஷூஸ், குவிக்' என்று சொல்கிறார்களே, அதெல்லாம் தவறா? பேச்சில் அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அது வந்த வழி அழகானது. மலாயில் 'பக்காய்' என்ற ஒரே சொல்தான், போடுவதற்கும் போட்டிருப்பதற்கும். பயன்படுத்து என்ற பொருளும் அதற்கே உண்டு. மாண்டரினில் சட்டைக்கும் காலணிக்கும் 'சுவான்', தொப்பிக்கும் கண்ணாடிக்கும் நகைக்கும் 'தாய்' என்று பொருளுக்கேற்ப வினை மாறுமே தவிர, செயலுக்கும் நிலைக்கும் தனித்தனி வினை கிடையாது. வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு சிறு சொல்லைச் சேர்ப்பார்கள். தமிழில் 'போடு'. ஆக, மூன்று வீட்டு மொழிகளும் ஒரே வினையில் வேலையை முடித்துக்கொள்ளும் ஊரில், ஆங்கிலமும் 'வேர்' என்ற ஒன்றோடு நின்றுவிட்டது. காலை ஆறரை மணிக்குப் பள்ளிப் பேருந்து புளோக்கின் கீழே நிற்கும்போது நானும் என் மகனிடம் 'வேர் யுவர் ஷூஸ்' என்றுதான் கத்தியிருக்கிறேன். பேரப்பிள்ளையிடமும் கத்துவேன். தேர்வுத் தாளில் மட்டும் 'புட் ஆன்'.

'ஓப்பன் யுவர் ஷூஸ்' கதையும் இப்படித்தான். மலாயில் சப்பாத்தைக் கழற்றுவது 'புக்கா காசுட்'. 'புக்கா' என்றால் திற. அதனால் ஆங்கிலத்திலும் காலணியைத் 'திறக்க' ஆரம்பித்துவிட்டோம். எழுத்தில் இது ஆகாது. சப்பாத்தைத் திறந்தால் பெட்டியைத் திறந்ததுபோல ஆகிவிடும். 'டேக் ஆஃப்' என்பதே அன்றாடச் சொல், அதையே எழுதச் சொல்லுங்கள். 'ரிமூவ்' தவறில்லை, ஆனால் அது அறிவிப்புப் பலகையின் குரல். கோயில் வாசலில் காலணிகளைக் கழற்றச் சொல்லும் பலகைக்கு அது பொருந்தும். பத்து வயதுப் பிள்ளை 'ஐ ரிமூவ்ட் மை சாக்ஸ்' என்று எழுதினால், கொஞ்சம் அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கும்.

'புட் ஆன்' என்பதன் எதிர்ச்சொல் 'புட் ஆஃப்' என்று நினைக்கும் பிள்ளைகள் ஏராளம். கணக்கு அப்படித்தானே வரவேண்டும்? வராது. 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைப்பது. 'ஐ புட் ஆஃப் மை ஷர்ட்' என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். சட்டையை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்திருக்கிறான் என்று வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான், அதன்பிறகு மறக்கவில்லை.

கட்டுரைகளில் நான் அதிகம் திருத்துவது எதை என்று கேட்டால், இந்த வரிசையைத்தான்: எழுந்தான், பல் துலக்கினான், 'வோர் ஹிஸ் யூனிஃபார்ம்', பேருந்தைப் பிடிக்க ஓடினான். ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் செயல்களின் நடுவே 'வோர்' உட்கார்ந்தால், ஓடிக்கொண்டிருந்த கதை சட்டென்று நின்றுபோகும். அங்கே 'புட் ஆன் ஹிஸ் யூனிஃபார்ம்' வேண்டும், அல்லது 'காட் டிரெஸ்ட்'. அதே பிள்ளை 'ஐ வேர் எ யூனிஃபார்ம் டு ஸ்கூல்' என்று எழுதினால் அது முழுக்கச் சரி, ஏனென்றால் அது வழக்கத்தைச் சொல்கிறது. 'ஐ வேர் கிளாஸஸ்' என்பதும் அப்படியே. நான் கண்ணாடி போடுகிற ஆள் என்று பொருள், இந்த நிமிடம் மூக்கின் மேல் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. 'ஐ ஆம் வேரிங் கிளாஸஸ்' என்றால்தான் இப்போது போட்டிருக்கிறேன்.

அப்படியானால் 'வேர்' என்று யாருக்கும் கட்டளையே இட முடியாதா? இடலாம். 2020 ஏப்ரல் 14 முதல் இங்கே வீட்டை விட்டு வெளியே வந்தால் முகக்கவசம் கட்டாயம் என்று ஆனபோது, எங்கு பார்த்தாலும் 'வேர் எ மாஸ்க்' என்ற சொல்தான். அது முறையான ஆங்கிலம். ஏனென்றால் விதி, எப்போதும் அணிந்திரு என்றது. ஆனால் அப்போது மின்தூக்கியில் ஒருவர் கவசம் இல்லாமல் நுழைந்துவிட்டால், அந்த நொடியில் சொல்ல வேண்டியது 'புட் ஆன் யுவர் மாஸ்க்'. நாளைக்கு நீலச் சட்டை போட்டுக்கொண்டு வா என்பதற்கும் 'வேர்' பொருந்தும். சட்டையை மாட்டு, நேரமாகிறது என்பதற்குப் பொருந்தாது.

அந்த முகக்கவசக் காலத்தில் இன்னும் இரண்டு பழைய சொற்கள் மருத்துவமனைகளிலிருந்து வெளியே கேட்டன: அணிவதற்கு 'டான்', கழற்றுவதற்கு 'டாஃப்'. 'டூ ஆன்', 'டூ ஆஃப்' என்ற இரண்டிரண்டு சொற்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒட்டிப்போய் உருவானவை இவை. அன்றாடப் பேச்சில் யாரும் 'ஐ டான்ட் மை ஷர்ட்' என்று சொல்வதில்லை. செய்தித் தலைப்பில் இடம் மிச்சம் என்பதால் 'டான்' தலைகாட்டும், தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வதற்கு 'டாஃப்' உண்டு. ஆனால் தாதியருக்குப் பாதுகாப்பு உடையை அணிவது ஒரு பயிற்சி, கழற்றுவது இன்னொரு பயிற்சி. கழற்றும்போதுதான் கிருமி கையில் ஒட்டும் ஆபத்து அதிகம். அதனால் எதற்குப் பிறகு எது என்று ஒழுங்கு வைத்து, குழப்பமில்லாத இரண்டு குட்டைச் சொற்களையும் வைத்துக்கொண்டார்கள். உங்கள் மகளின் கட்டுரைக்கு இவை வேண்டாம்.

'டிரெஸ்' என்ற சொல்லில் நம் ஆட்கள் வழுக்கும் இடம் வேறு. அதன் வினை துணியைப் பிடிக்காது, ஆளைப் பிடிக்கும். 'ஐ டிரெஸ்ட் மை ஷர்ட்' என்றால் சட்டைக்கே சட்டை போட்டுவிட்டதுபோல் ஆகும். 'ஐ டிரெஸ்ட் மை பிரதர்' என்றால் சரி. பழைய பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் சொல்லுக்கு ஒழுங்கு செய், நேராக்கு என்பதே ஆதிப்பொருள். காயத்துக்குக் கட்டுப்போடுவதும் 'டிரெஸ்ஸிங்', சாலட்டின் மேல் ஊற்றுவதும் 'டிரெஸ்ஸிங்' என்று இருப்பதற்கு அதுதான் காரணம். தனக்குத்தானே என்றால் 'கெட் டிரெஸ்ட்', விசேஷத்துக்கு எடுப்பாக என்றால் 'டிரெஸ் அப்'. எந்த உடையில் என்று சொல்ல 'டிரெஸ்ட் இன்'. நாம் பழக்கத்தில் 'வித்' போட்டுவிடுகிறோம். ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கு வேட்டியில் வந்த பையன் 'கேம் டிரெஸ்ட் இன் எ வேட்டி'. பெயர்ச்சொல்லாக 'எ டிரெஸ்' என்றால் பெண்கள் போடும் முழு உடை மட்டும்தான். தமிழில் எந்தப் புதுத்துணியும் 'புது டிரெஸ்'தானே, அதை அப்படியே ஒரு பையன் 'மை நியூ டிரெஸ்' என்று எழுதினால் ஆசிரியர் உதட்டைக் கடித்துக்கொள்வார். 'மை நியூ கிளோத்ஸ்' என்று எழுதட்டும். 'கிளாத்' என்பது தைக்காத துணி. அப்பா கடைக்குள் 'கிளாத்'தோடு வந்தவர்கள் 'கிளோத்ஸ்'ஸோடு போனார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

'அன்டிரெஸ்' என்பதும் ஆளைத்தான் பிடிக்கும், சட்டையைப் பிடிக்காது. முழுவதும் களைவது என்ற பொருள் அதற்கு இருப்பதால் கவனமாகக் கையாள வேண்டும். நீச்சலுக்குப் போகும் பிள்ளைக்கு 'கெட் சேஞ்ஜ்ட்' போதும். உடற்கல்வி வகுப்புக்கு 'சேஞ்ஜ் இன்டு' என்று சொல்லி உடையின் பெயரைச் சேர்த்தால் போதும். பொத்தான், ஜிப், கயிறு இவற்றுக்கு 'டூ அப்', 'அன்டூ' என்ற இணை ரொம்பப் பயன்படும். நாம் முடிச்சை அவிழ்க்கிறோம், பொத்தானைக் கழற்றுகிறோம். ஆங்கிலம் இரண்டையும் 'அன்டூ' என்று முடித்துவிடுகிறது. இங்கே தமிழ்தான் பணக்கார மொழி.

இன்னொரு நுணுக்கம், அடிக்கடி மதிப்பெண் போகிற இடம். 'இட்' வந்தால் அது நடுவில் நிற்க வேண்டும்: 'புட் இட் ஆன்', 'டேக் இட் ஆஃப்', 'டிரை இட் ஆன்'. 'புட் ஆன் இட்' கிடையாது. பொருளின் பெயரே வந்தால் முன்னும் நிற்கலாம், பின்னும் நிற்கலாம்: 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்', இரண்டும் சரி.

இனி பாட்டிக்கு வருவோம். தமிழில் உடம்பில் ஏறும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை உண்டு. சேலையும் வேட்டியும் கட்டுகிறோம். கந்தையானாலும் கசக்கிக் 'கட்டு' என்றுதான் பழமொழியும் சொல்கிறது, ஏனென்றால் அது தைத்த சட்டை நம்மிடம் பரவாத காலத்துப் பேச்சு. பூ வைக்கிறோம், சூடுகிறோம். பொட்டு இடுகிறோம், திருநீறு பூசுகிறோம், சால்வை போர்த்துகிறோம், வளையல் போடுகிறோம், கண்ணாடி மாட்டுகிறோம். ஆங்கிலத்தில் இத்தனைக்கும், அணிந்திருக்கும் நிலைக்கு ஒரே 'வேர்' போதும். பூவுக்கும் 'வேர்', மோதிரத்துக்கும் 'வேர்', வாசனைத் திரவியத்துக்கும் 'வேர்', தாடிக்கும் 'வேர்', முகத்தில் தவழும் புன்னகைக்கும்கூட 'வேர்'. அதனால் 'ஷி கெப்ட் ஃபிளவர்ஸ் இன் ஹெர் ஹேர்' வேண்டாம், அது 'வைத்தாள்' என்பதை அப்படியே தூக்கிப்போட்டது. படித்தால், பூவைப் பத்திரப்படுத்தி வைத்தாற்போல் தோன்றும். பூ வைத்துக்கொண்டார் என்றால் 'புட் ஜாஸ்மின் இன் ஹெர் ஹேர்'. பூ வைத்திருந்தார் என்றால் 'வோர் ஜாஸ்மின் இன் ஹெர் ஹேர்'. மறுபடியும் அந்தக் 'கொள்', 'இரு' வேலைதான்.

சேலைக்கு 'டை எ சாரி' என்று இந்தியாவிலும் இங்கேயும் நிறையப் பேர் சொல்கிறோம். புரியாமல் போகாது. ஆனால் 'டை' என்றதும் ஆங்கிலக் காது முடிச்சைத் தேடும். 'புட் ஆன்' என்றே எழுதலாம். கட்டும் விதத்தைச் சொல்ல ஆசைப்பட்டால் 'டிரேப்' இருக்கிறது, தேக்காவில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கொசுவத்துக்கு 'ப்ளீட்ஸ்', அதைச் செருகுவது 'டக் இன்'. சட்டையை உள்ளே விடு என்று பள்ளியில் சொல்கிறார்களே, அதே 'டக் இன்'தான். 'கிராண்ட்மா புட் ஆன் ஹெர் கிரீன் சாரி, டக்ட் இன் த ப்ளீட்ஸ் அண்ட் பின்ட் தி எண்ட் டு ஹெர் ஷோல்டர்' என்று எழுதினால், சேலை கட்டத் தெரியாத ஆசிரியருக்கும் கண்முன்னே வரும். வேட்டியை மடித்துக் கட்டுவதற்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எனக்கு இதுவரை அகப்படவில்லை. தாத்தா கட்டுரையில் வந்தால் இரண்டு வாக்கியம் செலவு செய்யத்தான் வேண்டும்.

அடுத்த வரியில், பாட்டி தனக்குப் பாவாடை சட்டை போட்டுவிட்டார் என்று உங்கள் மகள் எழுத விரும்பினால், இலக்கணப்படி 'கிராண்ட்மா டிரெஸ்ட் மீ இன் எ லாங் ஸ்கர்ட் அண்ட் பிளவுஸ்' சரியாக வரும். ஆனால் 'டிரெஸ்ட் மீ' என்பது மடியில் கிடக்கும் பிள்ளைக்குச் சொல்வது. கொக்கியை மட்டும் பாட்டி மாட்டிவிட்டார் என்றால் 'ஹெல்ப்ட் மீ டூ அப் த ஹுக்ஸ்' என்று எழுதலாம். உண்மையில் எது நடந்தது என்று அவளிடமே கேளுங்கள். பத்து வயதில் இரண்டாவதைத்தான் சொல்வாள் என்று நினைக்கிறேன்.